ஃபேன் இல்லாத வீடு

நவம்பர் 19, ஞாயிறு

மருந்து கம்பெனிக்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. தொடக்கத்தில் ஏதோ கணக்குக் கிறுக்கியதோடு சரி, பத்து மாதம் சும்மா கிடந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு மருந்தின் பெயர் அச்சாகியிருக்கிறது. இன்றைய பக்கத்துக்கு வாயுத் தொல்லை மாத்திரை. நல்ல சகுனம்தான்.

நான் மங்கையர்க்கரசி. வயது ஐம்பத்திரண்டு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மதுரையிலிருந்து இந்த ஊருக்கு டிரான்ஸ்ஃபர் வந்தது, வந்தேன். ஊட்டியைத் தாண்டி எட்டு கிலோமீட்டர். மலைக்கு டிரான்ஸ்ஃபர் என்றால் எல்லாரும் அழுவார்கள், ஆளைப் பிடித்து ரத்து செய்யப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் செய்யவில்லை. அரசாங்கம் போ என்றால் போக வேண்டியதுதானே?

கிளம்புகிற அன்று அவர் வாசலில் நின்றுகொண்டு சொன்னது: "ஃபேன் காத்துக்கே போர்த்திக்கிட்டுக் கிடக்கிறவ நீ. மார்கழி தாண்ட மாட்ட. பொங்கலுக்கு இங்கதான் பானை வைப்ப, பாரு."

பார்க்கலாம் என்று நானும் சொன்னேன். மனசுக்குள்ளேதான் சொன்னேன். டைரியில் சத்தமாக எழுதி வைக்கிறேன்: பார்க்கலாம்.

வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை, முன்னால் ஒரு சின்ன வராந்தா. தகரக் கூரை, அதற்குக் கீழே பலகை. தரை சிமெண்ட், காலை வைத்தால் சுரீர் என்கிறது. கூரையில் ஃபேன் மாட்டுவதற்கான கொக்கிகூடக் கிடையாது. வீடு பார்க்க வந்த அன்று முதலில் அண்ணாந்துதான் பார்த்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

தேங்காய் எண்ணெய் கல்லாகிவிட்டது. பாட்டிலை வெந்நீரில் நிறுத்தி உருக்கித் தலைக்குத் தடவினேன். சீப்பு போடுவதற்குள் மறுபடி உறைந்துவிட்டது.

நவம்பர் 21

சனிக்கிழமை அரைத்த இட்லி மாவு இன்றும் அப்படியே கிடக்கிறது. நான்கு நாள். ஒரு குமிழி இல்லை. ஊற்றிப் பார்த்தேன், எட்டு ஓடு கிடைத்தது.

நவம்பர் 26, ஞாயிறு

ஊட்டி போய் வந்தேன். திபெத்தியர் கடையில் ஸ்வெட்டர் இரண்டு: ஒன்று மண் நிறம், ஒன்று கத்தரிப்பூ நிறம். மண் நிறம் இரண்டு அளவு பெரிசு, ஆனாலும் வாங்கினேன். கம்பளி மூன்று. திரைக்குக் கெட்டியான சிவப்புத் துணி. அப்புறம் குண்டு பல்பு, மஞ்சள் வெளிச்சம். டியூப்லைட்டைக் கழற்றிப் பரண் மேல் போட்டேன். அந்த வெள்ளை வெளிச்சத்தில் வீடு எனக்கு ஆஸ்பத்திரி வராந்தாவாகத் தெரிகிறது. பகலெல்லாம் அதில்தானே நிற்கிறேன்.

மெத்தைக்குக் கீழே பழைய செய்தித்தாள் எட்டு அடுக்கு. கட்டிலிலிருந்து சமையலறை வரைக்கும் சாக்கு விரித்து, அதற்கு மேல் பழைய ஜமுக்காளம். படுக்கைக்கு மருந்து அறையின் காலி சிரப் பாட்டில்கள், அரை லிட்டர் கண்ணாடி. வெந்நீர் ஊற்றி, மூடி, சாக்ஸுக்குள் விட்டால் காலுக்கு ஒன்று, முதுகுக்கு ஒன்று. பழக்கதோஷம், லேபிளும் ஒட்டிவிட்டேன்: "இரவு மட்டும். படுக்கும் முன் அரை மணி. குலுக்கத் தேவையில்லை."

மஞ்சள் பல்பைப் போட்டுவிட்டு வெளியே போய், தெருவில் நின்று என் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. உள்ளே யாரோ நன்றாக வாழ்கிற மாதிரி இருந்தது. யாரோ என்ன, நான்தான்.

நவம்பர் 30

உறைபனி விழுந்துவிட்டது. வாசல் புல் முழுக்க உப்பு தூவின மாதிரி வெள்ளை. வெயில் வரும்வரை கோலம் போட முடியாது, மாவு எது பனி எது என்று தெரியவில்லை.

டிசம்பர் 4

அவர் போன் செய்தார். சாப்பிட்டாயா, பனி விழுதா என்றெல்லாம் இல்லை. நேரே விஷயம்.

"மங்கை, ஒரு பையன் கிடைச்சிருக்கான். உன் வேலைதான், இங்க மேலூர்ப் பக்கம். சொந்த ஊரு நீலகிரி. அவனும் நீயும் மனமொத்த மாறுதல் போட்டுக்கலாம். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டா முடிஞ்சது. ஜனவரி பன்னெண்டுக்குள்ள கொடுக்கணுமாம்."

"நான் கேட்டேனா?"

"நீ கேட்கணுமா? உனக்கு என்ன வேணும்னு எனக்குத் தெரியாதா?"

இருபத்தாறு வருஷமாக இந்த ஒரு வாக்கியத்தை அவர் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே பாத்திரம் துலக்கினேன். தண்ணீர் விரலை வெட்டியது. ஜனவரி 12 பக்கம் இந்த டைரியில் பழையது, அதில் ஏதோ மருந்தகக் கணக்குக் கிறுக்கியிருக்கிறேன். அதன் மேலேயே சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்தேன். கையெழுத்துப் போடாவிட்டால் இது என் வீடு. போட்டால் இது நான் இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போன வீடு.

டிசம்பர் 9

பக்கத்து வீட்டு கிரிஜா குமுட்டி அடுப்பு ஒன்று கொடுத்தாள். இரும்பு வாளியை அறுத்துச் செய்தது. அவளுக்கு நாற்பது வயது இருக்கும், படுகர் வீட்டுப் பெண், கேரட் தோட்டம் வைத்திருக்கிறாள். விடியும் முன்னால் எழுந்து ஸ்பிரிங்ளர் போடுகிறாள். வெயில் படுவதற்குள் இலையில் இருக்கிற பனியைத் தண்ணீர் விட்டுக் கழுவாவிட்டால் பயிர் கருகிவிடுமாம். குளிரில் பயிர் கருகும் என்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

"கரியை வராந்தாவில பத்த வைங்க அக்கா. அங்கயே உக்காந்து கையைக் காட்டுங்க. அவ்வளவுதான்," என்றாள்.

பற்ற வைப்பதே பெரும் பாடு. அட்டையால் விசிறி விசிறித் தோள்பட்டை கழன்றது. முக்கால் மணி நேரம் ஆனது. புகையில் கண் இரண்டும் சிவந்து நிற்கும்போது, அங்கே மதுரை வீட்டில் ஒரு விசிறி சும்மா சுற்றிக்கொண்டிருக்குமே என்று நினைப்பு வந்தது. சிரித்துவிட்டேன்.

டிசம்பர் 13

கயல் போன் செய்தாள். என் ஒரே மகள், பெங்களூரில் வேலை.

"அம்மா, அப்பா மெஸ்ஸில சாப்பிடறாரு. வயிறு ஒத்துக்கலையாம். நீ எதுக்கும்மா அங்க கஷ்டப்படற? டிரான்ஸ்ஃபர் போட்டது அரசாங்கம், ரத்து பண்ண அப்பா வழி கண்டுபிடிச்சிருக்காரு. ஒரு கையெழுத்துதானே?"

"கயல், டிரான்ஸ்ஃபர் அரசாங்கம் போடலை."

"பின்ன?"

"கவுன்சிலிங்ல நானே கேட்டு வாங்கினேன். கம்ப்யூட்டர்ல தமிழ்நாடு பூரா காலியிடம் காட்டினாங்க. எது ரொம்பக் குளிருன்னு கேட்டேன். பின்னால நின்னவங்க எல்லாம் சிரிச்சாங்க."

அவள், "எதுக்கும்மா?" என்று மெதுவாகக் கேட்டாள். சமையலறையில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் பொங்கவில்லை. இங்கே பால் அவ்வளவு சீக்கிரம் பொங்காது.

சரி, டைரிக்காவது உண்மையைச் சொல்லிவிடலாம், முதல் பக்கத்தில் பொய் எழுதியாகிவிட்டது. அவருக்கு ஃபேன் ஐந்தில் ஓடினால்தான் தூக்கம் வரும். சித்திரையிலும் ஐந்து, மார்கழியிலும் ஐந்து, அடைமழையிலும் ஐந்து. எனக்குக் காற்று நேரே பட்டால் எலும்பு வலிக்கும். கல்யாணமான புதிதில் சொன்னேன், "போர்த்திக்கோ" என்றார். பத்து வருஷம் கழித்து வீட்டை மாற்றிக் கட்டும்போது, ரெகுலேட்டரை அவர் தலைமாட்டுப் பக்கம் வைக்கச் சொன்னார். எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் காபி எடுத்து வரப் போய்விட்டேன். வெயிலுக்குப் பேர்போன ஊரில் வருஷம் முழுக்கக் குளிரில் படுத்த ஒரே பெண்பிள்ளை நானாகத்தான் இருப்பேன். அதனால் இந்த ஊர்க் குளிர் என்னை ஒன்றும் மிரட்டாது.

டிசம்பர் 17, மார்கழி ஒன்று

அவர் சொன்ன மார்கழி வந்துவிட்டது. வரட்டும்.

இன்று முழுக்க வீட்டுக்குக் கவசம் போட்டேன். மைதாப் பசை காய்ச்சி, ஜன்னல் இடுக்கு ஒவ்வொன்றிலும் செய்தித்தாளை மடித்து ஒட்டினேன். மேலே உள்ள காற்றுத் துவாரங்கள் மூன்றையும் அட்டை வைத்து அடைத்து, அதற்கு மேல் பிளாஸ்டர். மருந்து அறையில் எனக்குப் பழக்கப்பட்ட வேலை, பிசிறில்லாமல் வந்தது. கதவுக்கடியில் சுருட்டிய சாக்கு. சாயங்காலம் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாகப் பிடித்துப் பார்த்தேன். சுடர் ஆடவே இல்லை.

இருபத்தாறு வருஷத்தில் முதல் முறையாக, காற்றே அசையாத ஒரு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். கத்தரிப்பூ ஸ்வெட்டர், காலுக்குச் சிரப் பாட்டில், மடியில் கம்பளி. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்?

மாவுதான். இன்று மறுபடி அரைத்திருக்கிறேன். இந்த முறை பாத்திரத்துக்கும் ஒரு கம்பளி. புளிக்காமல் எங்கே போகும் பார்க்கிறேன்.

டிசம்பர் 19

புளிக்கவில்லை. இன்னும் சூடு வேண்டும்.

டிசம்பர் 21

தலைவலி. லீவு.

டிசம்பர் 22

தலைவலி குறைந்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. கிரிஜா அவரைக்காய்க் குழம்பு கொண்டுவந்தாள். ஜன்னலில் ஒட்டியிருந்த காகிதத்தையெல்லாம் அவளே கிழித்துப் போட்டுவிட்டுப் போனாள்.

டிசம்பர் 25, திங்கள்

வேறொன்றும் இல்லை என்று எழுதிய பக்கத்தைப் பார்க்க எனக்கே சகிக்கவில்லை. எழுதிவிடுகிறேன்.

20ஆம் தேதி சாயங்காலம் ஐந்தரைக்கு, குமுட்டியில் கரி நன்றாகக் கனன்று புகை அடங்கியதும், அதை உள்ளே தூக்கி வந்தேன். மாவுப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். புகை இல்லை, ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டேன். கதவைச் சாத்தினேன், சாக்கை மிதித்து இறுக்கினேன். அறை கதகதவென்று ஆனது. சுவரில் சாய்ந்து கண்ணை மூடினேன். அவ்வளவு சுகமாக இருந்தது.

தலை கனத்தபோது தூக்கம் என்று நினைத்தேன். நெற்றி விண்விண் என்றபோது எழுந்திருக்கப் பார்த்தேன், கால் என்னுடையதாக இல்லை. அப்போதுதான் புரிந்தது. கரியின் விஷவாயு. மணமும் இருக்காது, நிறமும் இருக்காது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தவழ்ந்து கதவு வரைக்கும் போனேன். தாழ்ப்பாள் மேலே இருந்தது.

கிரிஜா அவரைக்காய் கொடுக்க வந்திருக்கிறாள். ஆறரை மணிக்கு விளக்கு எரிகிறது, கூப்பிட்டால் பதில் இல்லை. ஜன்னல் கண்ணாடியை மண்வெட்டியால் உடைத்துக் கையை விட்டுத் தாழ்ப்பாளைத் திறந்தாளாம். ஜீப்பில் போட்டு எங்கள் சுகாதார நிலையத்துக்கே கொண்டுபோனார்கள். ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தபோது, எதிர்ச் சுவரில் ஒரு நோட்டீஸ் தெரிந்தது. "மூடிய அறையில் கரி அடுப்பு வைக்காதீர்கள். உயிருக்கு ஆபத்து." நவம்பர் மாதம் அதை அங்கே ஒட்டியவள் நான்தான். நாலு மூலையிலும் பிளாஸ்டர், பிசிறில்லாமல்.

வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

22ஆம் தேதி கிரிஜா காகிதங்களைக் கிழித்துக்கொண்டே திட்டினாள். "குளிர் உள்ள வந்தா போர்த்திக்கலாம் அக்கா. காத்து உள்ள வரலைன்னா என்ன பண்ணுவீங்க? படிச்சவங்கதானே நீங்க?"

"காத்துன்னாலே எனக்குப் பிடிக்காது கிரிஜா," என்றேன். நோயாளி மாதிரி குரல் வந்தது.

"எந்தக் காத்து?"

அவள் நடுத் துவாரத்தின் அட்டையை எடுத்துவிட்டு, மற்ற இரண்டையும் அப்படியே விட்டாள். "இது ஒண்ணு போதும். இதை மட்டும் மூடாதீங்க," என்றாள்.

டிசம்பர் 27

கிரிஜா அன்று என் போனில் கடைசியாகப் பேசிய நம்பரைக் கூப்பிட்டிருக்கிறாள். அது கயல். கயல் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு வாரம் பொறுத்து இன்று கூப்பிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணாமா மங்கை? யாராவது பாக்காம இருந்திருந்தா? நான் ஃபாரத்தை எடுத்துக்கிட்டு நேர்லயே வர்றேன். பன்னெண்டாம் தேதிக்குள்ள. அதுவரைக்கும் பத்திரமா இரு."

சரி என்று சொல்லிவிட்டேன். பத்திரமாக இருப்பதற்குத்தான் சரி சொன்னேன்.

டிசம்பர் 28

பரணிலிருந்து பெட்டியை இறக்கினேன். தூசி தட்டத்தான்.

டிசம்பர் 29

பெட்டி கட்டில் மேலேயே இருக்கிறது. சிவப்புத் திரையைத் துவைத்து மடித்து அதில் வைத்தேன். துணி காய மூன்று நாள் ஆகிறது இங்கே, எதை எப்போது துவைத்தாலும் ஈரவாடை. உடைந்த கண்ணாடிக்கு அட்டை வைத்திருக்கிறேன். மஞ்சள் பல்பு மட்டும் எரிகிறது. இன்று அந்த வெளிச்சம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை.

ஜனவரி 1, திங்கள்

புது டைரி இன்னும் வரவில்லை. கடைசியில் "குறிப்புகள்" என்று இருக்கும் பக்கங்களில் எழுதுகிறேன்.

இரண்டு நாளாக ஒரே கேள்வியைப் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். இங்கே சாகப் பார்த்தேன், அது உண்மை. அங்கே பத்திரமா? பத்திரம் என்றால் என்ன?

போன வருஷம் ஆனி மாதம் எனக்கு டைஃபாய்டு. நூற்று மூன்று காய்ச்சல். பல் கிட்டித்துக்கொள்ளும் அளவுக்கு நடுக்கம். இருக்கிற போர்வையெல்லாம் போர்த்தியும் போதவில்லை. "ஃபேனை நிறுத்துங்களேன்," என்றேன். இருபத்தைந்து வருஷத்தில் வாய்விட்டுக் கேட்டது இரண்டாவது முறை. அவர் மறுக்கவில்லை. கையை நீட்டி மூன்றில் வைத்தார். அந்த மூன்றே எனக்குக் கோவில் மாதிரி இருந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து ரெகுலேட்டர் திரும்புகிற சத்தம் கேட்டது. டக். நாலு. டக். ஐந்து.

கேட்டு வாங்கியதைக்கூட நான் தூங்கியதும் திருப்பி எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அடிக்கவில்லை, குடிக்கவில்லை, வேறு பெண் இல்லை. இதை எந்த வக்கீலிடம், எந்தச் சொந்தத்திடம் போய்ச் சொல்ல முடியும்? கயலிடம் சொன்னாலே சிரிப்பாளோ என்று பயந்துதான் பால் பொங்குகிறது என்றேன்.

இன்று அவளுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "ரெகுலேட்டர் சத்தம் எனக்கும் கேட்கும்மா, என் ரூம் வரைக்கும்," என்றாள். அப்புறம் இரண்டு பேரும் வேறு எதையோ பேசினோம்.

பெட்டியை மறுபடி பரணில் ஏற்றிவிட்டேன். தூசி தட்டியாகிவிட்டது. திரையை மாட்டினேன். கண்ணாடி மாட்ட ஆள் சொல்லியிருக்கிறேன்.

என்னைக் கொல்லப் பார்த்தது குளிர் இல்லை. குளிரிடம் தோற்றுவிடக் கூடாது என்கிற வெறி. அவருடைய ஃபேனுக்குப் பயந்து எல்லாத் துவாரத்தையும் அடைத்தேனே, அப்போதும் அவர் சொன்ன பேச்சுக்குத்தானே ஆடிக்கொண்டிருந்தேன்? இனி முடியாது.

ஜனவரி 6, சனி

புளித்துவிட்டது!

குமுட்டி வராந்தாவிலேயே. உள்ளே கரி கிடையாது. மாவுப் பாத்திரத்தை அட்டைப் பெட்டிக்குள் வைத்து, சுற்றி நான்கு சிரப் பாட்டில் வெந்நீர், அதற்கு மேல் மூன்று கம்பளியும். நடுத் துவாரம் திறந்தே இருந்தது. ராத்திரி நான் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போர்வையோடு படுத்தேன். காலையில் பெட்டியைத் திறந்தால் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கிறது மாவு. பன்னிரண்டு இட்லி. ஆறு கிரிஜாவுக்கு. "பஞ்சு மாதிரி இருக்கு, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டாள். எங்கே வாங்கினேனாம்.

ஜனவரி 9

மேலூர்ப் பையனுக்கு நானே போன் செய்தேன். பேர் நஞ்சுண்டன். பக்கத்து சுகாதார நிலையத்தில் மார்ச்சில் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அதற்கு விண்ணப்பம் போடு தம்பி, என் இடத்துக்குக் காத்திருக்காதே என்றேன். நம்பரும் கொடுத்தேன். அவன் பாவம், அவனுக்கும் வீடு வேண்டும்.

ஜனவரி 11, வியாழன்

மத்தியான பஸ்ஸில் வந்தார். அரைக்கைச் சட்டை, தலையில் குரங்குக் குல்லா. ஒரு கையில் பை, இன்னொரு கையில் பெரிய துண்டால் சுற்றிய ஏதோ ஒன்று, குழந்தையை வைத்திருக்கிற மாதிரி. வராந்தாவில் வைத்துத் துண்டை அவிழ்த்தார்.

டேபிள் ஃபேன்.

புல்லில் காலைப் பனி இன்னும் நிழல் பக்கம் கரையவில்லை.

"சத்தம் இல்லைன்னா எனக்குத் தூக்கம் வராதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார். சங்கடமாகத்தான் சொன்னார். பல் தந்தியடித்தது.

மண் நிற ஸ்வெட்டரைக் கொடுத்தேன். போட்டுக்கொண்டார், அளவாக இருந்தது. இரண்டு அளவு பெரிதாக ஏன் வாங்கினேன் என்று இப்போது எழுத வேண்டாம்.

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். திரை, பல்பு, ஜமுக்காளம், லேபிள் ஒட்டிய பாட்டில்கள். லேபிளைப் படித்துச் சிரித்தார். இட்லி கொடுத்தேன். ஆறு சாப்பிட்டார். "இங்க மாவு புளிக்குமா?" என்று கேட்டார். "புளிக்குது," என்றேன். அப்புறம் அண்ணாந்து பார்த்தார்.

"அந்தத் துவாரம் எதுக்குத் திறந்திருக்கு? காத்து ஜில்லுன்னு வருதே. மூடிரு மங்கை."

இருபத்தாறு வருஷம் காத்திருந்து கேட்க வேண்டிய வாக்கியம். காது குளிர்ந்தது.

"அதை மூட மாட்டேன். போர்த்திக்கோங்க," என்றேன்.

அவருக்கு முன் அறையில் படுக்கை போட்டேன். கம்பளி இரண்டு, பாட்டில் இரண்டு. ஃபேனுக்குப் பிளக் காட்டினேன். நான் உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். ஃபாரம் மேஜை மேல் இருக்கிறது. பேச்சு காலையில்.

ஜனவரி 12, வெள்ளி

ஆறு மணிக்கு எழுந்து வந்தேன். அவர் படுக்கையில் கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஃபேன் நின்றிருந்தது.

"கொஞ்ச நேரம்தான் போட்டேன். நானே நிறுத்திட்டேன்," என்றார். "எப்படி மங்கை இந்தக் குளிர்ல படுக்கிற?"

"மதுரையில படுத்த மாதிரிதான்."

அவருக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, முகத்தில் தெரிந்தது. நான் விடவில்லை. விட்டால் இன்னொரு இருபத்தாறு வருஷம் ஆகும்.

"டைஃபாய்டுல கிடந்தேனே, ஞாபகம் இருக்கா? மூணுல வச்சீங்க. அப்புறம் அஞ்சுக்குத் திருப்புனீங்க. நான் முழிச்சுத்தான் இருந்தேன்."

"நீ தூங்கிட்டேன்னு நினைச்சேன்," என்றார்.

"அதைத்தான் சொல்றேன்."

காபி கொடுத்தேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஃபாரத்தை எடுத்தேன். மூன்றாவது கட்டத்தில் "மாறுதலுக்கு விருப்பம்" என்று இருந்தது. அதற்கு எதிரே "விருப்பம் இல்லை" என்று எழுதி, கீழே முழுப் பெயரையும் போட்டேன். மங்கையர்க்கரசி. இனிஷியல் இல்லாமல். லேபிள் எழுதிப் பழகிய கை, பிசிறில்லாமல் வந்தது.

"அப்ப நான்?" என்றார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டார்.

"வாங்க. லீவு போட்டு வாங்க, ரிட்டையர் ஆகி வாங்க. ஸ்வெட்டர் இருக்கு, இட்லி இருக்கு. துவாரம் திறந்திருக்கும், ஃபேன் ஓடாது. முடிஞ்சா இருங்க."

பத்தரை பஸ்ஸுக்கு நடந்தோம். மண் நிற ஸ்வெட்டரைக் கழற்ற மறந்துவிட்டார், அல்லது மறக்கவில்லை. ஃபாரத்தை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். பாதி வழியில்தான் ஞாபகம் வந்து, "ஃபேன் அங்கயே இருக்கே," என்று நின்றார்.

"இருக்கட்டும். வச்சுட்டுப் போங்க."

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. அவர் வரும்போது வேண்டும் என்று சொல்கிறேன் என நினைத்துக்கொண்டிருப்பார். நான் திருத்தவில்லை. எனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும்தானே. பஸ் வளைவில் திரும்பும்வரை நின்று பார்த்தேன். அதற்காக ஓடிப்போய் ஏற மாட்டேன்.

ஜனவரி 14, போகி

தெருவில் எல்லாரும் பழையதைக் கொளுத்துகிறார்கள். கிரிஜா கிழிந்த பாய் இரண்டு கொண்டுவந்து போட்டாள். "உங்க வீட்ல பழசு ஒண்ணும் இல்லையா அக்கா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். வீட்டில் இருக்கிற சாமானில் பாதி இந்த இரண்டு மாதத்தில் நானாக வாங்கியது. கொளுத்தலாமா என்று தோன்றிய பழையது ஒன்றே ஒன்றுதான். அதைக் கொளுத்த மனசு வரவில்லை, அதற்கு வேறு வேலை இருந்தது.

நாளைக்கு வராந்தாவில் குமுட்டி மேல்தான் பொங்கல் பானை. கயல் காலை பஸ்ஸில் வருகிறாள். பெரிய பானை, நிறையக் கரி வேண்டும், அட்டையால் விசிறினால் என் தோள்பட்டை அவ்வளவுதான். சாயங்காலம் ஒத்திகை பார்த்தேன். குமுட்டியில் கரியை அடுக்கி, அடியில் காகிதத்தைக் கொளுத்திவிட்டு, டேபிள் ஃபேனை வராந்தாவில் வைத்து வயரை ஜன்னல் வழியாக உள்ளே கொடுத்தேன். நான் அதற்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். காற்று ஒரு துளி என் மேல் படவில்லை.

மூன்றில் வைத்துப் பார்த்தேன். கரி யோசித்தது.

கையை நீட்டி ஐந்தில் வைத்தேன். இரண்டே நிமிஷத்தில் தகதகவென்று பிடித்துக்கொண்டது.